தூதன் இருக்க வேண்டிய இடத்தில் தளகர்த்தன்

தமிழில் வெளிவருகிற சரித்திர நாவல்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமல் இராது. அவற்றில் வருகிற சேனாதிபதிகள் அநேகமாக எல்லாருமே உத்தமர்கள். வாக்குத் தவறாதவர்கள், மார்பில் விழுப்புண் ஏந்தியவர்கள். மந்திரிகளோ பெரும்பாலும் சூழ்ச்சிக்காரர்கள். இருட்டில் கிசுகிசுப்பது அவர்கள் தொழில். தூதனாக வருகிறவன் ஒற்றனாக இருப்பான். அல்லது ஓலையைத் தொலைத்துவிட்டுத் திண்டாடும் விதூஷகனாக இருப்பான். நாற்பது அத்தியாயம் தொடர்ந்து இப்படியே படித்த வாசகனின் மனத்தில் பதிவது ஒன்றே ஒன்று: பேச்சு என்பது வஞ்சகம், வாள் என்பது நேர்மை.

இது இலக்கியத்தோடு நின்றுவிடுகிற சங்கதியாக இருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். ரயிலில் எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் கௌரவமான மனிதர், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நாலு வருஷம் மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் ஸார் இந்த தேசம் உருப்படும்" என்று சொல்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அவர் கெட்டவர் அல்ல. வரி கட்டுகிறவர், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். அவருக்கு அந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதில் ஒரு பங்கை எங்கள் ஜாதியாகிய கதைக்காரர்கள் கொடுத்திருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகையால் கதைகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சரித்திரத்தில் சேனை உண்மையாகவே தூதனாகவும் கலெக்டராகவும் நியாயாதிபதியாகவும் இருந்து பார்த்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். அதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையே போதும். 1755 முதல் 1801 வரை நாற்பத்தாறு வருஷம் இந்தச் சீமையில் ராஜாங்கப் பேச்சு என்று நடந்ததெல்லாம் படையின் வாயிலாக நடந்ததுதான். இதைப் பற்றி எழுந்த சில நூல்களையும், ஒரு நாட்டுப் பாடலையும், ஒரு சினிமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் பாபநாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மலையிலிருந்து விழுகிற தண்ணீரைப் பாவம் போக்குகிற தீர்த்தமாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபும் கும்பினியும் அதைப் பார்த்த பார்வை வேறு. மலையை விட்டு இறங்கின தாமிரபரணி கோடைமேலழகியான் அணையில் முதல் கிளை பிரிகிறது. பிறகு நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று அணைக்கு அணை கால்வாய்கள். இவையெல்லாம் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர் கட்டியது. கார், பிசானம் என்று இரண்டு போகம். தெற்கே மழை பொய்த்த வருஷத்திலும் இந்த ஆற்றங்கரையில் நெல் உண்டு. நெல் இருந்தால் தீர்வை உண்டு. தீர்வை இருந்தால் சிப்பாய்க்குச் சம்பளம் உண்டு.

இங்கேதான் சக்கரம் சுழல ஆரம்பிக்கிறது. சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கத் தீர்வை வேண்டும். தீர்வையை வசூலிக்கச் சிப்பாய் வேண்டும். நவாப் முகமது அலி கும்பினிப் படையைக் கடனுக்கு வாங்கினார். கடனை அடைக்கத் தெற்குச் சீமையின் வருமானத்தைக் காட்டினார். அந்த வருமானத்தை எடுத்துவர மறுபடியும் அதே படையைக் கடனுக்கு வாங்கினார். ராஜ்யத்துக்காகச் சேனை என்பது போய், சேனைக்காக ராஜ்யம் என்று ஆயிற்று. பாளையக்காரர்களின் வீரம், துரோகம் என்றெல்லாம் நாம் பேசுகிற கதைகளுக்கு அடியில் ஓடுகிற கணக்கு இதுதான். இந்தக் கணக்கு தெரியாமல் எழுதப்படுகிற எந்தக் கதையும் பாதிக் கதையே.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள நமக்கு முதலில் அகப்படுகிற நூல் கால்டுவெல் பாதிரியார் 1881ல் இங்கிலீஷில் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம். இடையன்குடியில் இருந்துகொண்டு இந்த ஜில்லாவின் மண்ணையும் மொழியையும் கரைத்துக் குடித்தவர் அவர். நூல் நடையில் அலங்காரம் கிடையாது. கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் எடுத்து அடுக்கிக்கொண்டு போகிறார். ஆனால் அந்த அடுக்கிலேயே ஒரு நாடகம் இருக்கிறது.

நாடகத்தின் முதல் அங்கம் கர்னல் ஹெரான். 1755ல் நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு கும்பினிப் படையை நடத்திக்கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வருகிறார். வந்தது பாக்கி வசூலிக்க. ஆனால் மதுரையில் இருக்கும்போது ராமநாதபுரத்திலிருந்து தூது வருகிறது: இலங்கைக்கு எதிரே கடற்கரையில் இரண்டு இடம் தருகிறோம், சிநேகமாக இருங்கள் என்று. ஒரு தளகர்த்தன் செய்ய வேண்டியது என்ன? சென்னைக்கு எழுதிக் கேட்பது. ஹெரான் கேட்கவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டார். ராமநாதபுரத்தாரோடு பகை கொண்டிருந்த தஞ்சாவூராருக்கும் தொண்டைமானுக்கும் இதனால் மனஸ்தாபம். இவர்கள் இருவரும் கும்பினிக்குப் பழைய சிநேகிதர்கள். ஒரு படைத்தலைவர் ஒரு நாள் ராஜதந்திரியாக இருந்து பார்த்ததற்கு இது பலன்.

அதோடு நிற்கவில்லை. கோவில்குடியில் புகுந்து தெய்வ விக்கிரகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நெல்லிக்கோட்டையில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டினார்கள். நெற்கட்டான்செவ்வலில் பூலித்தேவன் கோட்டைக்கு வெளியே நின்றுகொண்டு பணம் கேட்டார் ஹெரான். சுவரை உடைக்கத் தகுந்த பெரிய பீரங்கி அவரிடம் இல்லை என்பதைப் பூலித்தேவன் கண்டுகொண்டான். பணம் வரவில்லை, படை திரும்பிப் போயிற்று. பீரங்கியை நம்பிப் பேசுகிறவனுடைய பேச்சுக்குப் பீரங்கி இருக்கிற வரையில்தான் மதிப்பு என்ற பாடம் இங்கே இருக்கிறது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்து விக்கிரகங்களை மீட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஹெரான் சென்னையில் ராணுவ விசாரணைக்கு நின்று உத்தியோகத்தை இழந்தார்.

கால்டுவெல் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறார். அது அவர் பெருமை. ஆனால் அவருடைய குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ஹெரான் கெட்ட மனிதர், ஆகையால் கெட்டது நடந்தது என்பது போல அவர் கதை நகர்கிறது. நல்ல மனிதர் ஒருவர் அதே இடத்தில் இருந்திருந்தால்?

இந்தக் கேள்விக்குச் சரித்திரமே பதில் வைத்திருக்கிறது. யூசுப்கான் என்கிற கான்சாகிபு. ராமநாதபுரத்துப் பனையூரில் வேளாளர் குலத்தில் மருதநாயகமாகப் பிறந்தவன் என்று சொல்வார்கள். சிப்பாயாகச் சேர்ந்து, திருச்சிராப்பள்ளி முற்றுகையில் பேர் வாங்கி, தமிழ்ச் சிப்பாய்களின் தளகர்த்தனாக உயர்ந்தவன். 1758–59ல் பிரெஞ்சுக்காரன் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து அவனைத் தூங்கவிடாமல் அடித்தவன். அதற்குப் பரிசுபோல மதுரையும் திருநெல்வேலியும் அவனுக்குக் குத்தகையாக வந்தன. 1761ல் நெற்கட்டான்செவ்வலையும் வாசுதேவநல்லூரையும் பிடித்தான்.

'மிலிட்டரி ஆட்சி' கேட்கிற ரயில் சிநேகிதருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. யூசுப்கான் ஆட்சியில் திருட்டு அடங்கியது, நெசவு பெருகியது, ஏரிகளும் கால்களும் செப்பனிடப்பட்டன. அவனுக்கு இருபது வருஷம் பின்னால் இந்தப் பக்கம் படை நடத்தி வந்த கர்னல் புல்லர்ட்டன், அவன் நியாயம் தவறாதவன், சொன்ன சொல் மாறாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார். விரோதியின் புகழ்ச்சி, சந்தேகப்பட வேண்டியதில்லை.

பிறகு என்ன ஆயிற்று? அவன் பலம் நவாபுக்குப் பயம் தந்தது. கும்பினிக்கு அவன் வேலைக்காரன்; நவாபுக்கு அவன் குத்தகைதாரன்; தன் மனத்தில் அவன் ராஜா. இந்த மூன்று கணக்கையும் தீர்க்க ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுகிற மனிதர் யாரும் அந்த ராஜ்யத்தில் இல்லை. படையைத் தவிர வேறு பாஷை அங்கே ஒருவருக்கும் தெரியாது. 1763ல் மதுரை முற்றுகை ஆரம்பித்தது. மழை வந்து முதல் முற்றுகை கலைந்தது. 1764ல் மறுபடி வந்தார்கள். ஜூன் மாதம் கோட்டைமேல் ஏறிப் பார்த்துத் தோற்றார்கள். பிறகு பட்டினி போட்டார்கள். கடைசியில் அவனுடைய திவான் சீனிவாசராவும், கூலிக்கு வந்த பிரெஞ்சுக்காரன் மார்ச்சாந்தும், சுற்றியிருந்த மற்றவர்களும் சேர்ந்து அவனைக் கட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15ந் தேதி மதுரையில் தூக்கிலிட்டார்கள். அவன் சமாதி இன்றும் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.

ஹில் என்பவர் 1914ல் யூசுப்கானைப் பற்றித் தனி நூலே எழுதினார். தஸ்தாவேஜுகளைத் தேடி எடுத்ததில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் நூலின் தலைப்பிலேயே அவனைக் 'கலகக்காரத் தளகர்த்தன்' என்கிறார். யாருக்கு எதிராகக் கலகம்? யாருடைய உத்தரவை மீறினான்? நவாபா, கும்பினியா என்பது நிச்சயமில்லாத ராஜ்யத்தில் விசுவாசம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? இந்தக் கேள்வியை ஹில் ஓரங்களில் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார். நா. வானமாமலை பதிப்பித்துத் தந்த 'கான்சாகிபு சண்டை' என்கிற நாட்டுப் பாடலுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அது அவனை வீரனாக வைத்துப் பாடுகிறது. அவன் வீழ்ச்சிக்கு இரங்குகிறது. ஆனால் பாடலும் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. அத்தனை நல்ல ஆட்சி அவனோடு ஏன் செத்தது?

பதில் எனக்கு எளிதாகவே தெரிகிறது. அவன் நல்லவன்தான், ஆனால் அவன் நல்லவனாக இருந்தது ஒன்றே அந்த ஆட்சியின் சட்டம். அவனைக் கேட்க ஒரு சபை இல்லை. அவனுக்குப் பின்னால் நிற்க ஒரு மன்றம் இல்லை. அவன் அடக்கி வைத்த பாளையங்கள் அவன் கயிற்றில் தொங்கின மறுநாளே பழையபடி ஆயின. ஒரு மனிதனுடைய உயிரோடு முடிந்துவிடுகிற ஒழுங்கை ஆட்சி என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். யூசுப்கானைப் பற்றி ஒரு நல்ல நாவல் எழுதப்படுமானால் அது வாள்வீச்சிலிருந்து அல்ல, இந்தக் கேள்வியிலிருந்து எழ வேண்டும்.

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. பி. ஆர். பந்துலு எடுத்து 1959ல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்க்காதவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. சிவாஜி கணேசனும் ஜாக்சன் துரையாக வருகிற சி. ஆர். பார்த்திபனும் நேருக்கு நேர் நிற்கிற காட்சியை எத்தனை பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் நடித்திருக்கிறார்கள்! நடிப்பைப் பற்றியும் சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தைப் பற்றியும் எனக்கு ஆட்சேபணை இல்லை. படம் எழுப்பின உணர்ச்சி உண்மையானது. என் ஆட்சேபணை வேறு. அந்தக் காட்சியை ஒரு வாய்ச்சண்டையாக ஆக்கிவிட்டதால், அங்கே உண்மையில் நடந்தது என்ன என்பதே மறைந்துபோயிற்று.

நடந்தது இது. 1798ல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை நேரில் வரச் சொல்லி எழுதுகிறார். கட்டபொம்மன் குற்றாலத்தில் பார்க்க முயன்றால் பார்க்க முடியாது என்கிறார். கலெக்டர் ஊர் ஊராகப் போக, பாளையக்காரர் பின்னாலேயே போகிறார். இருபத்துமூன்று நாள், சுமார் 400 மைல். கடைசியில் செப்டம்பர் 10ந் தேதி ராமநாதபுரத்தில் பேட்டி. மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரணை. படையைச் சுற்றி வைத்துக்கொண்டு நடந்த அந்தப் பேட்டி, கைது செய்வதற்கான பேட்டி என்பது பாளையக்காரருக்குத் தெரிந்துவிட்டது. வாயிலில் கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் மாண்டார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. படத்தில் இது யார் மனத்திலும் நிற்பதில்லை. கட்டபொம்மன் சென்னைக்கு எழுதி முறையிட்டார். சென்னை அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. மூன்று வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து விசாரித்து, கலெக்டர் நடந்துகொண்ட விதம் சரியல்ல என்று கண்டார்கள். தானாபதி விடுதலையானார். ஜாக்சன் வேலையை இழந்தார். லூஷிங்டன் என்பவர் கலெக்டராக வந்தார். அதாவது, ஒரு பாளையக்காரர் மனுப் போட்டு ஒரு கலெக்டரை விலக்க முடிந்த ஒரு சில மாதங்கள் இந்தச் சீமையில் இருந்தன. பேச்சு ஜெயித்த நேரம் அது.

ஏன் ஜெயித்தது என்றும் பார்க்க வேண்டும். கும்பினிக்கு அப்போது திப்புவோடு யுத்தம் வரப் போகிறது. படை வடக்கே தேவைப்பட்டது. திருநெல்வேலியில் சிப்பாய்கள் குறைவு. 1799 மே 4ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. படைக்கு வேலை ஓய்ந்தது. செப்டம்பர் 5ந் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் முன்னால் நின்றார். பாளையக்காரர் ஒருவரே, கோட்டையும் ஒன்றே, பாக்கியும் ஏறக்குறைய அதுவே. மாறினது, கும்பினியின் கையில் சும்மா இருந்த சிப்பாய்களின் எண்ணிக்கை மட்டும்தான். வேலையில்லாத படை பக்கத்தில் இருக்கும்போது பேச்சுக்குப் பொறுமை இருப்பதில்லை.

பானர்மன் தளகர்த்தனாக மட்டும் வரவில்லை. பாளையக்காரர்களைக் கூட்டவும், விசாரிக்கவும், தண்டிக்கவும் அதிகாரம் பெற்று வந்தார். அவர் முதலில் தூக்கிலிட்டது யாரை? தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையை. செப்டம்பர் 13ந் தேதி, நாகலாபுரத்தில். தானாபதி என்பது ஸ்தானாபதி என்ற வார்த்தையின் மரூஉ. ஒரு ராஜாவின் ஸ்தானத்தில் நின்று பேசுகிறவன், தூதன், மந்திரி என்று அதற்கு அர்த்தம். படை தூதனாக வந்தபோது முதல் காரியமாகத் தூதனைக் கொன்றது. இதைவிடக் கூர்மையான ஒரு நிகழ்ச்சியை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால், 'இது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே' என்று பத்திரிகை ஆசிரியரே சந்தேகப்பட்டிருப்பார்.

அக்டோபர் 16ந் தேதி கயத்தாற்றில், பாளையக்காரர்களையெல்லாம் வட்டமாக நிறுத்தி வைத்து, கட்டபொம்மனை விசாரித்து, அன்றைக்கே தூக்கிலிட்டார்கள். அவர் கலங்காமல் நடந்துபோனதைப் பானர்மனே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கால்டுவெல் கொடுக்கிறார். படமும் பாடலும் கொடுக்கிற கட்டபொம்மனுக்குச் சமமான ஒரு மனிதன் அந்தச் சில வரிகளில் நிற்கிறான். பானர்மன் பிற்காலத்தில் பினாங்குத் தீவுக்குக் கவர்னராகப் போய் 1819ல் அங்கே இறந்தார். படை வழியாக வந்த அதிகாரி கவர்னர் நாற்காலியில் முடிவது அந்தக் காலத்தில் ராஜபாட்டையாக இருந்தது.

கட்டபொம்மன் வீரரா, கொள்ளைக்காரரா என்று நம்மவர்கள் புத்தகம் எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ம. பொ. சிவஞானம் ஒரு பக்கம், தமிழ்வாணன் எதிர்ப்பக்கம். சிவஞானத்தின் நூலில் உணர்ச்சியும் உழைப்பும் இருக்கின்றன. தமிழ்வாணன் நூலில் துணிச்சல் இருக்கிறது. இரண்டு பேருமே அந்த மனிதனுடைய குணத்தை எடை போடுவதில் முனைந்துவிட்டார்கள். ஆனால் ஒருவனுடைய குணம் எதுவாக இருந்தாலும், குற்றம் சாட்டுகிறவனும் பிடிக்கிறவனும் விசாரிக்கிறவனும் தூக்குப் போடுகிறவனும் ஒரே மேஜராக இருக்கலாமா என்ற கேள்விக்கு அந்த எடை பதில் ஆகாது. கொள்ளைக்காரனுக்கும் நீதி ஸ்தலம் ஒன்று வேண்டும் என்பதுதானே நாகரிகம்?

கடைசி அங்கத்துக்கு நமக்குச் சாட்சி ஜேம்ஸ் வெல்ஷ். சென்னைப் படையில் வேலை பார்த்துவிட்டு 1830ல் லண்டனில் இரண்டு பாகமாகத் தம் ராணுவ நினைவுகளை வெளியிட்டார். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. கண்ணால் கண்டதை எழுதுகிறார். எதிரியை மதிக்கத் தெரிந்தவர். 1801 பிப்ரவரி 2ந் தேதி பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டில் துரைமாரும் துரைசானிகளும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினதை அவர் சொல்லும் விதமே தனி. இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாளில் மறுபடியும் எழுந்து நின்றது. மார்ச் 31ந் தேதி அதைத் தாக்கிய கும்பினிப் படை அடிபட்டுத் திரும்பியது. கர்னல் அக்னியூ பெரும் படையோடு வந்த பிறகு, மே 24ந் தேதிதான் கோட்டை விழுந்தது.

அன்று இரவு நடந்ததாக வெல்ஷ் எழுதுகிற ஒரு காட்சியை எந்த நாவலாசிரியனும் பொறாமையோடு படிப்பான். போர்க்களத்தில் தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். 'என்னை விடு, சாமியைக் காப்பாற்று' என்கிறான். பக்கத்தில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். துரத்தி வந்தவர்களிடம், வைசூரியில் செத்த பிணம் என்று துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். வாய் பேச முடியாத ஒருவனுக்காக ஒரு சீமையே பேசினது. ஊமைத்துரையும் அவரோடு இருந்தவர்களும் தூத்துக்குடியைப் பிடித்தபோது அகப்பட்ட வெள்ளைக்காரரை உயிரோடு விட்டார்கள் என்பதையும் வெல்ஷ் மறைக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

இவ்வளவு கண் படைத்த வெல்ஷ், ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் சிப்பாயின் கடமை என்று விட்டுவிட்டார். அந்த விருந்து கொடுத்த மெக்காலே யார்? சேனை அதிகாரி, அதே சமயத்தில் திருவாங்கூர் ராஜாவிடம் கும்பினியின் ரெசிடெண்ட், அதாவது தூதர். பின்னால் பேர்பெற்ற மெக்காலே பிரபுவுக்கு இவர் பெரியப்பா. பாபநாசம் மலைக்கு இந்தப் பக்கம் அவர் பீரங்கி. அந்தப் பக்கம் அவர் ராஜதந்திரம். 1805ல் அவர் திருவாங்கூரோடு செய்த உடன்படிக்கையின் சாரம் என்ன? கும்பினிப் படையை வைத்துக்கொள்வதற்காக ராஜா வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். திவான் வேலுத்தம்பி அதற்கு இணங்கினவர்தான். பணம் கட்ட முடியவில்லை, தவணை ஏறிற்று, சிநேகம் விரோதமாயிற்று. 1808 டிசம்பரில் கொச்சியில் மெக்காலே வீட்டையே தாக்கினார்கள். 1809 பிப்ரவரி 10ந் தேதி ஆரல்வாய்மொழிக் கோட்டை மதில்மேல் படையை ஏற்றியவர் நம்முடைய வெல்ஷ்தான். வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் விட்டார். தூதரும் அவரே, தளகர்த்தரும் அவரே என்றால் உடன்படிக்கை என்பது முற்றுகையின் முதல் நாள் என்று ஆகிவிடுகிறது. தாமிரபரணியில் கண்ட அதே சக்கரம் மலையைத் தாண்டியும் சுழன்றது.

இது பழைய கதை, வெள்ளைக்காரன் கதை என்று யாராவது சொல்லலாம். 1958 அக்டோபர் 7ந் தேதி பாகிஸ்தானில் இஸ்கந்தர் மிர்ஸா ராணுவ ஆட்சி அறிவித்து அயூப்கானை அழைத்தார். இருபதே நாளில் அயூப்கான் அவரை நாட்டை விட்டு அனுப்பினார். 1962ல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அதன் பலனைத் தலைமூட்டைகளோடு கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் அறியும். ஐசன்ஹோவரைக் காட்டிலும் பெரிய சேனாதிபதி அமெரிக்காவில் கிடையாது; அவரே 1961 ஜனவரியில் பதவி விட்டு இறங்கும்போது, படையும் ஆயுதத் தொழிலும் சேர்ந்து ராஜாங்கத்தின்மேல் ஏறி உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்கு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போனார். நமக்கே இன்னும் நெருங்கின உதாரணம் 1987. ஜூலை 29ந் தேதி கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் காக்கத்தான் இந்தியப் படை யாழ்ப்பாணம் போயிற்று. அக்டோபரில் சண்டை. 1990 மார்ச்சில் திரும்பி வந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜவான்கள் திரும்பவில்லை. தமிழ்க் குடிமக்கள் இழந்ததோ கணக்கில் அடங்காதது. சமாதானத்தைச் சிப்பாய் கையில் கொடுத்தனுப்பினால் அது எவ்வளவு சீக்கிரம் வேறாகிவிடுகிறது என்பதற்கு ஹெரானும் வேண்டாம், ஆற்காட்டு நவாபும் வேண்டாம்.

இதைச் சொல்வதால் சிப்பாயை நான் இழிவுபடுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். தன்னால் தீர்க்க முடியாத வழக்கைத் தீர்க்கும்படி அனுப்பப்பட்டு, பிறகு தோற்றதற்குப் பழியும் சுமக்கிறவன் அவன்தான். யூசுப்கானைத் தூக்கிலிட்டது அவன் தன் உடம்பால் காத்த சர்க்கார். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியப் பழகிய வெல்ஷ், அதே மருது தூக்கில் தொங்குவதைப் பார்க்க நேர்ந்தது; அந்தப் பக்கங்களில் அவர் எழுத்து தழுதழுக்கிறது. சேனையை ராஜாங்கத்தின் தலையில் வைத்தால் கெடுவது ராஜாங்கம் மட்டுமல்ல, சேனையும்தான்.

சுதந்திர இந்தியா இந்த விஷயத்தில் ஆரம்பத்திலேயே ஒரு நல்ல காரியம் செய்தது. டில்லியில் வெள்ளைக்காரப் பிரதம சேனாதிபதி வாழ்ந்த மாளிகையில் பிரதம மந்திரி நேரு குடியேறினார். பிரதம சேனாதிபதி என்ற பட்டமே 1955ல் எடுக்கப்பட்டது. சின்ன விஷயங்கள்தாம்; ஆனால் யார் வீட்டில் யார் இருப்பது என்பதில் ஒரு தேசத்தின் அபிப்பிராயம் தெரிகிறது. வள்ளுவரும் அப்படித்தான் வீடு பிரித்து வைத்தார். தூது என்ற அதிகாரத்தை அமைச்சரோடு சேர்த்தார். படைமாட்சியும் படைச்செருக்கும் வேறு இடத்தில், தனியாக. படையை அவர் குறைத்துச் சொல்லவில்லை. தூதனுடைய நாற்காலியில் உட்கார வைக்கவும் இல்லை.

நம் சரித்திர நாவலாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். கட்டபொம்மனைப் பற்றியும் ஊமைத்துரையைப் பற்றியும் இன்னும் எழுதுங்கள்; அவர்களுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் யாராவது ஒருவர் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையைக் கதாநாயகராக வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும். குற்றமற்றவர் என்று காட்ட வேண்டாம்; அப்படி யாரும் இல்லை. ஓலை எழுதிக்கொண்டும், பாக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டும், எஜமானுடைய கோபத்துக்கும் கும்பினியின் பேராசைக்கும் நடுவில் நின்றுகொண்டும் இருந்த ஒரு மனிதர். ராமநாதபுரத்தில் பிடிபட்டு, விசாரணையில் விடுதலை அடைந்து, இனிமேல் நியாயம் பேசினால் கேட்பார்கள் என்று சில மாதங்களாவது அவர் நம்பியிருக்க மாட்டாரா? அந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, நாகலாபுரத்தில் அது எப்படி முடிந்தது என்று எழுதத் தெரிந்தவர் நம்மில் ஒருவர் இருந்தால், 'மிலிட்டரி ஆட்சி' கேட்கிற ரயில் சிநேகிதர் அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்.